பேரவையின் ஒரே பொன்னாடை

கிள்ளான் பள்ளத்தாக்குச் சமூக மாண்புப் பேரவையிடம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஓர் அறை, ஓர் ஒலிபெருக்கி, ஒரு கும்பல் துணைத் தலைவர்கள், ஒரு பொன்னாடை இருந்தன. அறை வாடகைக்கு எடுத்தது. ஒலிபெருக்கி இரவல். துணைத் தலைவர்கள் போன வருஷம் வேறொரு சங்கத்திலிருந்து கோபித்துக்கொண்டு வந்தவர்கள். ஆக, பேரவைக்குச் சொந்தம் என்று மார்தட்டிக்கொள்ள அந்தப் பொன்னாடை ஒன்றுதான்.

ஒரு பொன்னாடையை வைத்துக்கொண்டு ஒரு சங்கம் எப்படி இத்தனை வருஷம் ஊரையே கௌரவித்தது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் யுகேந்திரன் இருந்தார். வார நாட்களில் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரவையின் பொன்னாடைப் பொறுப்பாளர். விருந்தினருக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், கைதட்டுவார்கள். சுல்தான் 'டத்தோ' பட்டம் கொடுத்த பெரிய மனிதராக இருந்தாலும், அவர் இடது பக்கப் படியில் இறங்கும்போது யுகேந்திரன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார்.

"கசங்கிடும் டத்தோ, குடுங்க, மடிச்சுக் குடுக்கிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. மடித்துத்தான் கொடுப்பார். யாருக்குக் கொடுப்பார் என்று மட்டும் சொன்னதில்லை. மடித்த கையோடு பதாகைக்குப் பின்னால் ஓடி, வலது பக்கப் படிக்கு வந்து, தாம்பாளத்தில் வைத்து, அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். எந்த விருந்தினரும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை. அவரவர் சங்கத்திலும் ஒரு பொன்னாடையும் ஒரு யுகேந்திரனும் இருந்ததால் எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

விழா இல்லாத நாட்களில் பொன்னாடை கிள்ளானில் யுகேந்திரன் வீட்டில் இருக்கும். அடிக்கடி துவைத்தால் ஜரிகை போய்விடும் என்று பேரவை தீர்மானம் போட்டிருந்ததால், அவர் மனைவி வாணி அதைத் தீபாவளிக்குத் தீபாவளிதான் துவைப்பாள். மற்ற நாளெல்லாம் அது அவர்களுடைய மூன்று வயது மகள் யாஷினியின் சொத்து. அதைப் போர்த்திக்கொண்டு, அதன் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பினால்தான் பிள்ளைக்குத் தூக்கம் வரும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகை மண்டபத்தில், 'தொட்டால் தொற்றாது' என்று பேரவை ஒரு விழா எடுத்தது. எச்.ஐ.வி. பற்றி மக்களுக்கு இருக்கும் வீண் பயத்தைப் போக்குவது நோக்கம். பேச வந்திருந்தவர் பூச்சோங்கைச் சேர்ந்த மாதவி. ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறார். எச்.ஐ.வி. உள்ளவர். அதை மறைக்காமல் ஊர் ஊராய்ப் போய்ப் பேசுகிறவர்.

பேரவை அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டது, சும்மா சொல்லக் கூடாது. மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர், அவருக்கு மட்டும் காகிதக் கோப்பை. மற்ற நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி, அவருடையதற்குப் பிளாஸ்டிக். அவருக்கென்று தனி மைக். செயலாளர் குரு அவரை அறிமுகம் செய்துவைத்தார்.

"இதோ, நம்ம சகோதரி மாதவி. இன்றைக்கு நம்மோடு, நமக்கு வெகு அருகில், அந்தக் கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்."

தலைவர் டத்தோ நாகையா எழுந்தார். மண்டபத்தில் குளிர்சாதனம் பழுதாகியிருந்தது. பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் குரல் கம்பீரமாகத்தான் வந்தது.

"எச்.ஐ.வி. உள்ளவர்களை நாம் ஒதுக்கக் கூடாது. அவர்களை அணைத்துக்கொள்ள வேண்டும். தயங்காமல் அணைக்க வேண்டும். அணைக்கும் பொறுப்பை மகளிர் பிரிவிடம் ஒப்படைத்திருக்கிறேன்."

மகளிர் பிரிவுத் தலைவி இராஜம்மா அந்தப் பொறுப்பை இளைஞர் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். இளைஞர் பிரிவில் ஆளே கிடையாது. அதனால் யாரும் யாரையும் அணைக்கவில்லை.

மாதவி சுருக்கமாகத்தான் பேசினார். "எனக்கு என் வீட்டுக்காரர் மூலமா வந்துச்சு. அவரு இப்ப இல்ல. நான் தினமும் மாத்திரை சாப்பிடுறேன், ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொறைஞ்சு போச்சு. என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் இல்ல. அவங்க மிச்சம் வைக்கிறத நான் சாப்பிடுறேன், நான் மிச்சம் வைக்கிறத அவங்க சாப்பிடுறாங்க. தொட்டா வராது. ஒரே டாய்லெட் போனா வராது. வேர்வை, எச்சி, கண்ணீர் எதுலயும் வராது. இவ்வளவுதாங்க."

கைதட்டல் பலமாக இருந்தது. இராஜம்மா பொன்னாடையை இரண்டு விரலால் பிடித்து, மீன் வலை வீசுவது மாதிரி தூரத்திலிருந்தே மாதவி மேல் வீசினார். அது எப்படியோ தோளில் விழுந்தது. புழுக்கம் தாங்காமல் மாதவி அதன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இடது பக்கப் படியில் இறங்கினார். யுகேந்திரன் கையை நீட்டினார்.

"கசங்கிடும் தங்கச்சி, குடும்மா, மடிச்சுக் குடுக்கிறேன்."

அடுத்த பொன்னாடை தலைவருக்கு. பேரவை விழாக்களில் கடைசிப் பொன்னாடை எப்போதும் தலைவருக்குத்தான், அதைத் தலைவரே முன்மொழிவார். டத்தோ நாகையா அதைப் போர்த்திக்கொண்டு நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், தண்ணீர் குடித்துவிட்டு வாயையும் துடைத்தார்.

யுகேந்திரன் எதையும் யோசிக்கவில்லை. விழாவுக்கு வந்திருந்த வாணியோடும் பிள்ளையோடும் கிள்ளானுக்குத் திரும்பினார். வழியில் காரில் பிள்ளை தூங்கிவிட்டாள். வழக்கம்போல அதையே போர்த்திவிட்டார். வீட்டுக்கு வந்து படுக்கவைத்துவிட்டுத் தேநீரை வாயில் வைக்கப்போகும்போதுதான் குருவின் போன் வந்தது.

"யுகேன், அந்தப் பொண்ணுக்கப்புறம் டத்தோவுக்குப் போட்டமே, அது எந்தப் பொன்னாடை?"

"நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணுதானே அண்ணே."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குருவின் குரல் கிசுகிசுத்தது. "அவ மூஞ்சியத் தொடச்சாளே."

யுகேந்திரன் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். பொன்னாடையின் நுனி யாஷினியின் வாயில் இருந்தது. கன்னம் உள்ளே போய்ப் போய் வந்தது. பிள்ளை நிம்மதியாகச் சப்பிக்கொண்டிருந்தாள்.

வாணியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் கத்தவில்லை. மெல்ல, நுனியை மட்டும் பிள்ளையின் வாயிலிருந்து உருவினாள். பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது.

"அந்தப் பொண்ணுதான் இதுலெல்லாம் வராதுன்னு சொன்னிச்சே" என்றாள் வாணி.

"சொன்னிச்சு."

"அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"தெரியல வாணி. பயமா இருக்கு."

மறுநாள் மாலையே மாடி அறையில் அவசரக் கூட்டம். கதவின் கைப்பிடியை யார் தொடுவது என்பதில் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் குரு முழங்கையால் தள்ளித் திறந்தார். பிள்ளை அதைச் சப்பியதை யுகேந்திரன் சொன்னதும் அவரைச் சன்னல் ஓரம் உட்காரச் சொன்னார்கள், காற்று அவர் பக்கமிருந்து வெளியே போகுமாம். டத்தோ நாகையாவும் பொன்னாடை போர்த்தியவர்தான், ஆனால் தலைவரைச் சன்னல் ஓரம் உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"இதுக்கு முன்னாடி அந்தப் பொன்னாடையப் போட்டவங்களுக்கும் சொல்லிடணும் டத்தோ" என்றார் இராஜம்மா. பழைய விருந்தினர்களில் அவருடைய சம்பந்தியும் ஒருவர்.

"அவங்களுக்கு எப்படிம்மா வரும்? அவங்க முன்னாடிதானே போட்டாங்க" என்றார் யுகேந்திரன்.

"நோய்க்கு முன்ன பின்னன்னு தெரியுமா?" என்றார் குரு.

டத்தோ மேசையைத் தட்டினார். "யாருக்கும் ஒரு வார்த்தை போகக் கூடாது. யோசிச்சுப் பாருங்க. நோய் வந்தா மருந்து இருக்கு. அரசாங்க மருத்துவமனையிலே குடுக்கிறாங்க. நம்மகிட்ட ஒரே பொன்னாடைதான்னு வெளியில தெரிஞ்சா, அதுக்கு எந்த ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு?"

கூட்டம் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. மேலும் இரண்டு தீர்மானங்கள் போட்டார்கள். ஒன்று, அந்தப் பொன்னாடை ஆதாரம் என்பதால் அதைத் துவைக்கவோ எரிக்கவோ கூடாது, பிஸ்கட் டின்னில் போட்டு மூடி யுகேந்திரன் வீட்டிலேயே வைக்க வேண்டும். இன்னொன்று, செயற்குழு முழுவதும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மக்களுக்கு முன்மாதிரியாகத் தலைவர் முதலில் கை நீட்டுவார், அதைப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டும்.

"இப்பதானே டத்தோ யாருக்கும் தெரியக் கூடாதுன்னீங்க" என்றார் யுகேந்திரன்.

"பொன்னாடை தெரியக் கூடாது. முன்மாதிரி தெரியணும்" என்றார் டத்தோ.

அந்த வாரம் யுகேந்திரன் வீட்டில் நடந்ததைப் பார்த்தால் உங்களுக்கு அழுகை வந்துவிடும். பிஸ்கட் டின்னைக் குளியலறைக்கு வெளியே, துடைப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பொன்னாடை கேட்டுப் பிள்ளை அழுது அழுது தூக்கம் கெட்டது. அவள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தன்னிடம் இருந்தால் பிள்ளைக்குப் போய்விடுமே என்று பயம். பிள்ளைக்கு இருமல் வந்தால், பிள்ளையிடம் இருந்துவிட்டதோ என்று அதைவிடப் பெரிய பயம். வேலைக்குப் போனாலும் வேலை ஓடவில்லை. தனித் தட்டு, தனிக் குவளை, தனி சோப்பு. ஒரு நாள் பிள்ளை கேட்டாள், "அப்பா, நா அழுக்கா?" அவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அங்கே நின்றுதான் மாதவிக்குப் போன் செய்தார். அறிவிப்புப் பலகைக்காக வாங்கிய நம்பர் அவரிடம் இருந்தது. தலையும் வாலும் இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

மாதவி முதலில் சிரித்துவிட்டார். "ஒரே பொன்னாடையா? அட, நான்கூட எனக்குக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சு ஆசையா படி எறங்கினேன் அண்ணே."

"மன்னிச்சுக்கம்மா."

"அது போவுது. நல்லாக் கேட்டுக்கோங்க. அந்தத் துணிய நீங்க தண்ணியில ஊறவச்சுக் குடிச்சாலும் வராது. பாப்பா சப்பினாலும் வராது. அவளுக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்கும் ஒண்ணும் இல்ல."

"தெரியுதும்மா. ஆனாலும் மனசு கேக்க மாட்டேங்குது."

மாதவி இப்போது சிரிக்கவில்லை. "என் ரெண்டு பிள்ளையும் என் சேலையப் போத்திக்கிட்டுத்தான் வளந்துச்சுங்க அண்ணே. தெனமும். அவங்களப் பக்கத்துல படுக்கவச்சப்ப எனக்கும் பயமாதான் இருந்துச்சு. அதுக்காக நான் கைய எடுத்துக்கல."

யுகேந்திரனுக்கு வெட்கமாகிவிட்டது. இனி பிள்ளையைத் தூக்குவது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனார். யாஷினி கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவர் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

சனிக்கிழமை செயற்குழு பரிசோதனைக்குப் புறப்பட்டது. தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று ரவாங்கில் ஒரு தனியார் கிளினிக்கைக் குரு பிடித்திருந்தார். எல்லாரும் முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டார்கள். போன வேன் மட்டும் டத்தோ பேரவைக்கு இரவலாக விட்டிருந்தது. இரண்டு பக்கமும் பேரவையின் பெயரும் டத்தோ சிரித்துக்கொண்டு கையாட்டும் படமும் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தன.

டாக்டர் ஹாசிம் பொறுமையான மனிதர். எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். "துணியால எச்.ஐ.வி. வராது. உலகத்துல யாருக்கும் அப்படி வந்ததில்ல. அப்படியே உங்க பேச்சுக்கு வச்சுக்கிட்டாலும், போன ஞாயித்துக்கிழமை வந்தது இன்னைக்கு இந்த டெஸ்ட்ல தெரியாது. அதுக்கு நாளாகும். இன்னைக்கு ஒருத்தருக்கு இருக்குன்னு காட்டுச்சுன்னா, அது உங்க விழாவுக்கு ரொம்ப முன்னாடியே வந்ததுன்னு அர்த்தம். அதனால பொன்னாடைக்காக இன்னைக்கு டெஸ்ட் எடுக்கிறதுல பிரயோஜனம் இல்ல."

"பரவாயில்ல டாக்டர். தீர்மானம் போட்டாச்சு" என்றார் குரு.

டத்தோ கை நீட்டினார். படம் எடுத்தார்கள். மருந்து தொட்ட பஞ்சோடு ஒரு படம், சிரித்தபடி ஒரு படம். பிறகு ஒவ்வொருவராக ரத்தம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு முடிவைச் சொன்னார். குரு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். இராஜம்மா அழுதுகொண்டே சிரித்தார். யுகேந்திரனுக்கும் இல்லை என்றார் டாக்டர். ஒரு நொடி தலை சுற்றுகிற அளவுக்குச் சந்தோஷம். அப்புறம்தான், போன வாரத்தது இதில் தெரியாது என்று அவரே சொன்னது ஞாபகம் வந்து, சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

டத்தோவை மட்டும் கடைசியில் கூப்பிட்டார்கள். முன்மாதிரியின் முகத்தைப் படம் பிடிக்க எல்லாரும் கதவுக்கு வெளியே காத்திருந்தார்கள். கதவு திறக்க வெகுநேரம் ஆனது. திறந்தபோது டத்தோவின் முகத்தில் ரத்தமே இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"என்ன டத்தோ?" என்றார் குரு.

டத்தோ சுற்றி நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பொன்னாடை" என்றார். "அந்தப் பொன்னாடைதான்."

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். டாக்டர் சொன்னது யாருக்கும் நினைவில்லை. யுகேந்திரனுக்கு மட்டும் நினைவிருந்தது. ஆனாலும் அவர் மனம் டாக்டரின் சொல்லைப் பிடித்துக்கொள்ளவில்லை, டத்தோவின் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. பொன்னாடையால் டத்தோவுக்கு வந்தது என்றால், அதைச் சப்பிய பிள்ளை?

அவர் டாக்டரின் அறைக்குள் நுழைந்துவிட்டார். "டாக்டர், எம் பிள்ளையும் அந்தத் துணியச் சப்பிச்சு. எங்க டத்தோவுக்கு எப்படி..."

"இன்னொருத்தரைப் பத்தி நான் பேசக் கூடாது" என்றார் டாக்டர். "உங்க பிள்ளையைப் பத்திக் கேளுங்க. துணியால வராது. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையத் தூக்கி முத்தம் குடுங்க."

வேனில் திரும்பும்போது டத்தோ கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் முன்வரிசைகளில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை.

பேரவை சும்மா இருக்குமா? உடனே கூடியது. தலைவருக்கு இது வேறு எந்த வழியிலும் வந்திருக்க முடியாது, சமூக சேவையின்போது பொன்னாடை வழியாகத்தான் வந்தது என்று தீர்மானம் நிறைவேற்றியது. பேரவையிடம் இருப்பது அது ஒன்றுதான் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை. 'தொண்டினால் தொற்றேற்ற செம்மல்' என்று பட்டம் கொடுத்துப் பாராட்டு விழா எடுக்கவும் முடிவானது.

"டாக்டர் வராதுன்னு சொன்னாரே அண்ணே. இன்னைக்குத் தெரிஞ்சா பழசுன்னும் சொன்னாரே" என்று யுகேந்திரன் குருவிடம் கேட்டார்.

"டாக்டர் நம்ம பேரவையில மெம்பரா?"

"இல்ல."

"அப்ப தீர்மானத்தைப் பத்திப் பேச அவருக்கு என்ன உரிமை? நீ கொஞ்சம் சும்மா இருலா."

தீர்மானம் ஊர் முழுக்கப் பரவியது. பரவிய வேகத்தைப் பார்த்தால் அதுதான் தொற்றுநோய். டத்தோவின் டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். வீட்டில் அவருக்குக் காகிதத் தட்டில் சோறு வைக்கிறார்கள் என்று இராஜம்மா பரிதாபத்தோடு எல்லாரிடமும் சொன்னார். துணியாலேயே ஒட்டிக்கொள்ளும் நோய் என்று ஊரை நம்பவைத்த மனிதர் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? அவர் மானத்தைக் காப்பாற்றிய பொய்யே அவரைத் தீண்டத்தகாதவராக ஆக்கிவிட்டது.

திங்கட்கிழமை யாஷினியின் நர்சரியிலிருந்து வாணிக்குப் போன் வந்தது. அந்தப் பொன்னாடையைப் பாப்பா சப்பியது அங்கேயும் தெரிந்துவிட்டது, மற்ற பெற்றோர்கள் சத்தம் போடுகிறார்கள், கொஞ்ச நாள் அனுப்ப வேண்டாம் என்றார்கள். எத்தனை நாள் என்று வாணி கேட்டாள். அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"துணியால வராதுன்னு உங்க டத்தோ ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் முடிஞ்சிடும்" என்றாள் வாணி. "அவர் சொன்னாதான் ஊர் கேக்கும். அவர் சொல்லலைன்னா நீங்க மேடையில சொல்லுங்க. இல்ல, நான் சொல்றேன்."

"நான் சொன்னா அவர் மானம் போயிடும் வாணி."

"என் பிள்ள படிப்பு போகுதே."

பாராட்டு விழா அதே மண்டபத்தில் நடந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் முதல் வரிசைகள் எல்லாம் காலி. மேடையின் நடுவில் டத்தோ நாகையா மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பிளாஸ்டிக் போட்டிருந்தார்கள். பக்கத்தில் காகிதக் கோப்பையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் மேடைக்குக் கீழே நின்று பேசினார்கள். "டத்தோ அவர்கள் எங்கள் நெஞ்சில் இருக்கிறார்" என்றார் குரு, மேடையிலிருந்து பத்தடி தள்ளி நின்று. இராஜம்மா, தலைவரின் கையைப் பிடித்து வாழ்த்தத் துடிப்பதாகவும் மூட்டு வலி விடவில்லை என்றும் சொன்னார். மாலையைப் பதாகை மாட்டும் கோலில் தொங்கவிட்டு, கீழே இருந்தபடியே நீட்டிப் போட்டார்கள். முதல் தடவை அது டத்தோவின் காதில் மாட்டியது. இரண்டாம் தடவை கழுத்தில் விழுந்தது. கைதட்டினார்கள். டத்தோ யாரையும் பார்க்கவில்லை. காதிலிருந்து விழுந்த ரோஜா இதழைத் தொடையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பொன்னாடையைக் கோலில் போர்த்த முடியாது. எல்லாரும் யுகேந்திரனைப் பார்த்தார்கள். அவர்தான் பொறுப்பாளர். வாணி, யாஷினியை மடியில் வைத்துக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் அவர்மேல் இருந்தது. மேடையில் மைக்கும் இருந்தது. யுகேந்திரன் பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

வலது பக்கப் படியில் ஏறினார். பொன்னாடையை விரித்தார். டத்தோவின் பின்னால் போய், குனிந்து, இரண்டு தோளிலும் படும்படி போர்த்தினார். அவர் விரல் டத்தோவின் கழுத்தில் பட்டது. டத்தோ சிலிர்த்துப்போய் அண்ணாந்து பார்த்தார். ரவாங்கிலிருந்து வந்த நாள் முதல் அவரை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று யுகேந்திரனுக்கு அப்போதுதான் புரிந்தது. மைக் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

அப்போதுதான் யாஷினி அதைப் பார்த்தாள். எத்தனையோ நாளாகத் தேடிய அவள் பொன்னாடை. வாணியின் மடியிலிருந்து நழுவி ஓடினாள். "பாப்பாவப் பிடிங்க" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள், பிடிக்க யாரும் வரவில்லை. வாணி எழுந்தாள், ஓர் அடி வைத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளை படியேறி, பிளாஸ்டிக் போட்ட நாற்காலியில் தொற்றி, டத்தோவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பொன்னாடையின் நுனியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு அவர் மார்பில் சாய்ந்தாள்.

கீழே யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

டத்தோ இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார். பிள்ளையைத் தொட்டுவிடப் பயந்தார். "யுகேன், பிள்ளையத் தூக்கு. எல்லாரும் பாக்கிறாங்க."

யுகேந்திரன் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. இத்தனை பேர் முன்னால் இப்போது பிள்ளையைப் பிடுங்கினால், இனி ஆயுசுக்கும் அவள் அந்தத் துணியைச் சப்பிய பிள்ளைதான். கையை மெல்ல இறக்கினார்.

"இருக்கட்டும் டத்தோ."

"பிள்ளைய எடுய்யா" என்று குரு கீழே இருந்து கோலை ஆட்டினார். "அவருக்குப் பொன்னாடையால வந்தது மாதிரி அதுக்கும் வந்துடப்போவுது."

டத்தோ நாகையா பிள்ளையைக் குனிந்து பார்த்தார். அவள் கண் செருகத் தொடங்கியிருந்தது. தூக்கிய கைகளில் ஒன்றை இறக்கி அவள் முதுகில் வைத்தார். இன்னொன்றால் மைக்கை எடுத்தார். வாழ்க்கையில் ஒருநாளும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகப் பேசாதவர்.

"எனக்குப் பொன்னாடையால வரல" என்றார். "இது பழசு. டாக்டர் ரெண்டாவது டெஸ்ட்டும் எடுத்துச் சொல்லிட்டார். எப்படி வந்ததுங்கிறது என் சொந்த விஷயம். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது. நர்சரிக்காரங்க யாராவது இருந்தா கேட்டுக்கோங்க."

மைக்கைக் கீழே வைத்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. எங்கே தட்ட வேண்டும் என்று குருவுக்கே தெரியவில்லை. பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக எழுந்து, கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். வாணி மட்டும் மேடையை நோக்கி வந்தாள்.

யுகேந்திரன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு டத்தோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை தூங்கிவிட்டாள். டத்தோ பழக்கத்தில் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டப் போனார். நுனி பிள்ளையின் வாயில் இருந்ததால் எடுக்க முடியவில்லை.

"இருக்கட்டும் டத்தோ. நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லி, நழுவிய பொன்னாடையை யுகேந்திரன் மறுபடியும் அவர் தோளில் இழுத்துவிட்டார்.

டத்தோ அந்தக் கையைப் பார்த்தார். "யுகேன், துணியால வராதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் டத்தோ."

"அப்புறம் ஏன் கை நடுங்குது?"

"பயமா இருக்கு டத்தோ."

டத்தோ பிள்ளையின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்கும்தான்" என்றார்.